வாய் மூடுவோம், கண் திறப்போம்!

நன்னிலத்துக்கு அருகே பூந்தோட்டம். பூந்தோட்டத்தை ஒட்டிக் கூத்தனூர். கல்விக்கென ஒரு தெய்வம், அத்தெய்வத்துக்கென ஒரு தனிக்கோயில், அக்கோயிலுக்கென ஒரு தனிப்புகழ்! கலைமகள் பூசை நாளில் அங்கே கூடும் கூட்டத்தைக் கண்டோர் அறிவர்: கையில் ஏடு, ஏட்டின் மேல் எழுதுகோல், உள்ளத்தில் தேர்வு பற்றிய அச்சம். ஏட்டைப் படைத்து எடுத்துச் சென்றால் பிள்ளைக்கு எழுத்து வரும் என்று நம்பி வரும் ஏழைத் தாய்மாரை நாம் எள்ளி நகையாட மாட்டோம். தம் பிள்ளை படிக்க வேண்டும் என்னும் அவர்தம் ஆவல் தூயது. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிப் படியை மிதிக்க விடாமல் தடுக்கப்பட்டோரின் ஆவல் அது. அந்த ஆவலைப் பிடித்து அறிவின் பக்கம் அழைத்துச் செல்லாமல், அர்ச்சனைத் தட்டின் பக்கம் திருப்பிவிட்ட மடமையைத்தான் நாம் சாடுகிறோம்.

அதே நாளில் வீடுகளில் நடப்பதென்ன? நூல்களை அடுக்குகிறார்கள். சந்தனம் தெளிக்கிறார்கள், குங்குமம் இடுகிறார்கள், பூச்சூட்டுகிறார்கள், புகை காட்டுகிறார்கள். அன்று ஒரு நாள் மட்டும் எவரும் நூலைத் தொடலாகாது, தொட்டாலும் படிக்கலாகாது! கல்வித் தெய்வத்துக்குரிய நாளில் கல்விக்கு விடுமுறை! சோற்றைப் போற்றும் நாளில் பட்டினி கிடப்பது போன்ற விந்தை இது.

இடைக்கால ஐரோப்பாவில் மடங்களிலும் கோயில்களிலும் இருந்த நூல்களை இரும்புச் சங்கிலியால் மேசையோடு பிணைத்து வைத்தார்கள். இங்கே பூச்சங்கிலி! அங்கே கட்டியது திருடனுக்கு அஞ்சி. இங்கே கட்டுவது தெய்வத்துக்கு அஞ்சி. கட்டுண்டு கிடந்தது இரண்டு இடத்திலும் நூல்தான். சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த சீ. இரா. அரங்கநாதன், நூலக இயலின் ஐந்து விதிகளை 1931ஆம் ஆண்டு வகுத்தளித்தபோது, நூல் என்பது பயன்படுத்துவதற்கே என்பதை முதல் விதியாக நிறுத்தினார். சொல்லித் தெரிய வேண்டிய செய்தியா அது என்று கேட்கத் தோன்றும். நூலைச் சங்கிலியிட்ட உலகிலும், நூலுக்குச் சாம்பிராணி காட்டிய நாட்டிலும், அதைச் சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது.

நாம் நகைக்கிறோம். பகுத்தறிவாளர் அல்லவா, நகைக்கத்தான் செய்வோம். ஆனால் தோழர்களே, நகைக்குமுன் நம் வீட்டு அலமாரியை ஒரு முறை திறந்து பார்ப்போமா? இங்கர்சால் இருக்கிறார், அட்டை கலையாமல். இரசல் இருக்கிறார், தாள் பிரியாமல். வால்டேர் இருக்கிறார், வாங்கிய நாளின் விலைச்சீட்டோடு! அவர்கள் ஆண்டுக்கு ஒரு நாள் நூலை அடுக்கி வைத்துப் படிக்காமல் கும்பிடுகிறார்கள். நாம் ஆண்டு முழுவதும் அடுக்கி வைத்துப் படிக்காமல் பெருமைப்படுகிறோம். ஒரு நாள் பூசை பெரிய மடமையா, ஓராண்டுப் பூசை பெரிய மடமையா?

இந்தக் கேள்வி நம் உள்ளத்தைக் குத்தியது. அதன் விளைவாக நன்னிலத்தில் நாம் சிலர் கூடி ஒரு முடிவு செய்தோம். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஓரிடத்தில் அமர்வது. மேலை நாட்டுச் செவ்விலக்கியங்களை எடுத்து வைத்துக்கொள்வது. வாய் திறவாமல், அவரவர் நூலை அவரவர் படிப்பது. அவ்வளவே.

இம்முடிவை வெளியே சொன்னதுதான் தாமதம், தேநீர்க் கடையில் தொடங்கியது விசாரணை! “வாய் மூடிப் படிக்க ஒரு கூட்டமா? வீட்டில் படித்தால் ஏறாதா?” என்றார் ஒருவர். “குறளைப் படித்து முடித்துவிட்டீர்களோ, வெள்ளைக்காரனைத் தேடிப் போக?” என்றார் மற்றொருவர். “தமிழிலா படிக்கப் போகிறீர்கள்? ஆங்கிலத்தில் படித்தாலன்றோ அது படிப்பு!” என்றார் மூன்றாமவர். “பேசிப் பேசியே வளர்ந்த இயக்கம் இது, நீங்கள் ஊமைக் கூட்டம் நடத்தப் போகிறீர்களா?” என்று நம் தோழர் ஒருவரே கேட்டார். நால்வருக்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

வண்டி ஏறி வந்த நூல்கள்

முதலில், இது பெருநகரத்தாரின் புதுப் பொழுதுபோக்கு என்னும் ஐயத்தை நீக்குவோம். அமெரிக்காவின் சான்பிரான்சிசுகோவில் 2012ஆம் ஆண்டு அமைதி வாசிப்புக் குழு ஒன்று தோன்றி, பல நாடுகளுக்குப் பரவியது உண்மை. பெங்களூரின் கப்பன் பூங்காவில் 2022–23இல் தொடங்கி, சனிக்கிழமைதோறும் புல்வெளியில் பாய் விரித்து அமைதியாகப் படிக்கும் கூட்டம் பெருகியதும், பிற நகரங்கள் அதைப் பின்பற்றியதும் உண்மை. அவர்கள் செய்வது நன்று. அவர்களைப் பார்த்துச் செய்வதில் நமக்கு வெட்கமும் இல்லை.

எனினும் நூலைச் சுற்றிக் கூடுவது இம்மண்ணுக்குப் புதிதன்று. இதே மாவட்டத்தின் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், 1931ஆம் ஆண்டு, கனகசபை பிள்ளை என்னும் ஓய்வு பெற்ற பொறியாளர், அரங்கநாதனின் ஊக்கத்தோடு, மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். நெல் ஏற்றிய வண்டி பார்த்திருந்த ஊர்கள், நூல் ஏற்றிய வண்டியைப் பார்த்தன! வண்டி பண்ணையாரின் களத்துக்கு மட்டுமே போகும் என்றிருந்த நாட்டில், படிப்பவனைத் தேடி ஒரு வண்டி வந்தது. அதே 1931ஆம் ஆண்டில்தான், மார்க்சும் எங்கெல்சும் எழுதிய பொதுவுடைமை அறிக்கை ‘குடிஅரசு’ ஏட்டில் தமிழில் வெளிவந்தது. செர்மானியர் இருவர் எழுதியதை ஈரோட்டில் அச்சிட்ட தமிழ் ஏட்டில் படித்தான் தமிழன். அன்று எவரும், “அயலான் நூல் நமக்கெதற்கு?” என்று கேட்டுத் தடுத்திருந்தால், இன்று நாம் எந்தக் கொள்கையைப் பேசிக்கொண்டிருப்போம்?

பேசி வளர்ந்தோம், படித்து நிலைப்போம்

“வீட்டில் படித்தால் ஏறாதா?” என்று கேட்டவருக்கு விடை எளிது. ஏறும், வீட்டில் அமைதி இருந்தால்! ஒரே அறையில் ஐவர் வாழும் வீட்டில், தொலைக்காட்சி ஒரு பக்கம், கைப்பேசி மறு பக்கம், அடுப்படி அழைப்பு நடுவில் என்றிருக்கும் வீட்டில், அமைதி என்பது செல்வர்க்கே உரிய சொத்து. மாளிகையில் இருப்பவனுக்குத் தனியறை உண்டு. குடிசையில் இருப்பவனுக்குப் பொது அறைதான் தனியறை. அதனால்தான் நம் முன்னோடிகள் ஊருக்கு ஒரு படிப்பகம் கண்டார்கள். அதனால்தான் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துச் செலுத்துகிறோம். செலுத்திய வரிக்கு ஒரு நாற்காலியிலாவது உட்கார வேண்டாமா?

“பேசி வளர்ந்த இயக்கம்” என்று சொன்ன தோழருக்கு விடை சற்று நீளமானது. ஆம், பேசி வளர்ந்தோம். முடிதிருத்தகத்திலும், மிதிவண்டிக் கடையிலும், தேநீர்க் கடை வாங்கிலும், ஒருவர் ஏட்டைப் பிரித்து உரக்கப் படிக்க, சுற்றி நின்று கேட்டு வளர்ந்தோம். அன்றைய நிலைக்கு அதுவே அறம். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இந்நாட்டில் ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் எழுத்துத் தெரியும். அந்த ஒருவர் மற்ற நால்வருக்கும் கண்ணாக இருந்தார். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ ஐந்து பேரில் நால்வருக்கு எழுத்துத் தெரியும். கணக்குத் தலைகீழாகிவிட்டது. நாம் மட்டும் இன்னும் அந்த ஒருவரின் வாயையே பார்த்து நிற்கலாமா?

உரக்கப் படிக்கக் கேட்பவனுக்கு ஓர் இழப்பு உண்டு. அவனால் ஏட்டைப் பின்னால் புரட்ட முடியாது. “இந்த வரி சரிதானா?” என்று நின்று எண்ண முடியாது. படிப்பவர் எங்கே குரலை உயர்த்துகிறாரோ அங்கே அவன் கை தட்டுவான். எங்கே தாவுகிறாரோ அங்கே அவனும் தாவுவான். அமைதியாகப் படிப்பவனை எவரும் இழுத்துச் செல்ல முடியாது. அவன் விரும்பினால் நிற்பான்; ஐயுற்றால் திரும்புவான்; உடன்படாவிட்டால் ஓரத்தில் கோடிடுவான். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிலான் நகரில், அம்புரோசு என்னும் ஆயர் உதடசையாமல் படித்ததைக் கண்டு அகுசுத்தின் வியந்து தம் நூலில் எழுதி வைத்தார். உரக்கப் படித்தால், கேட்போர் இடையிட்டு விளக்கம் கேட்பர் என்பதால் அப்படிப் படித்திருக்கலாமோ என்றும் எண்ணினார். ஆயர் எக்காரணத்தால் வாய் மூடினாரோ, நாமறியோம். நாம் வாய் மூடுவது, நமக்குள் கேள்வி எழுவதற்காக!

இங்கே ஒன்றைத் தெளிவாக்குவோம். காவிரிச் சமவெளிக்கு அமைதி என்னும் சொல் இனிய சொல்லன்று. பண்ணையார் முன்னே துண்டை இடுப்பில் கட்டி, வாய் பொத்தி நின்ற அமைதி இங்கே உண்டு. எதிர்த்துப் பேசிய உழவுத் தொழிலாளிக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தந்து உண்டாக்கிய அமைதி உண்டு. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952ஆம் ஆண்டு வந்த பிறகும் ஓயாத கொடுமை, 1968ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்களைச் சுட்டுச் சாம்பலாக்கியது. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாய் நின்றதுதான் அவ்வேழைகள் செய்த குற்றம்! அது நடந்தது நம் இயக்கம் ஆட்சிக் கட்டில் ஏறி ஓராண்டு கடந்த பிறகு என்பதையும் மறைக்க மாட்டோம். அந்த அமைதி அடிமைக்கு விதிக்கப்பட்டது. இந்த அமைதி உரிமையுடையோன் தானே தேர்ந்துகொள்வது. அடிமையின் வாயை மூடியவன், அவன் கண்ணையும் சேர்த்தே மூடி வைத்தான். நாம் வாயை மூடுவது கண்ணைத் திறக்க!

எவர் அஞ்சிய நூல்கள்?

“குறள் இருக்க, மேலை நூல் எதற்கு?” என்று கேட்கும் அன்பர்க்கு ஒரு செய்தி. குறளை வீரமாமுனிவர் இலத்தீனில் தந்தார். போப் 1886ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் தந்தார். செர்மனிலும் அது பெயர்ந்தது. உருசியாவின் டால்ஸ்டாய் 1908ஆம் ஆண்டு இந்தியர் ஒருவருக்கு எழுதிய புகழ்பெற்ற மடலில் குறளை எடுத்தாண்டார். “எம் நாட்டு இலக்கியம் இருக்க, எங்கோ இருக்கும் தமிழன் நூல் எதற்கு?” என்று டால்ஸ்டாய் கேட்டிருந்தால் நமக்கு எவ்வாறிருந்திருக்கும்? நம் நூலை அயலார் படித்தால் பெருமை, அயலார் நூலை நாம் படித்தால் இழிவு என்பது, பெண் எடுக்கலாம் கொடுக்கலாகாது என்னும் சாதிக் கணக்கு அன்றோ!

மெக்காலே 1835ஆம் ஆண்டு கூறினான்: இந்தியாவும் அரேபியாவும் படைத்த இலக்கியம் அனைத்தும், ஐரோப்பிய நூலகத்தின் ஓர் அடுக்குக்கு ஈடாகாது என்ற பொருளில். ஆணவத்தின் உச்சி அது. அதை நாம் ஏற்கவில்லை. ஆனால் மெக்காலே தட்டிய அடுக்கு என்பதற்காக அந்த அடுக்கையே எரித்துவிடுவதா? அந்த அடுக்கில் இருந்தவர்களையே அவர்கள் நாட்டு மெக்காலேக்கள் எப்படி நடத்தினார்கள் என்று பார்க்க வேண்டாமா?

உரோமைத் திருச்சபை, படிக்கலாகாத நூல்களின் பட்டியல் ஒன்றை 1559ஆம் ஆண்டு வெளியிட்டது. அப்பட்டியல் 1966ஆம் ஆண்டு வரை உயிரோடிருந்தது. வால்டேர் அதில் இருந்தார். விக்டர் யூகோ இருந்தார். எமிலி ஜோலா இருந்தார். விவிலியத்தை மக்கள் பேசும் ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் டிண்டேல் 1536ஆம் ஆண்டு கொல்லப்பட்டார். ‘மேடம் பொவாரி’ எழுதிய பிளாபேர் 1857ஆம் ஆண்டு பாரிசு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். இப்சனின் ‘பொம்மை வீடு’ 1879ஆம் ஆண்டு வெளிவந்தது. கணவனின் பொம்மையாக வாழ மறுத்து வீட்டைத் துறந்து செல்லும் நோராவை, செர்மன் மேடைக்காக வீட்டிலேயே தங்க வைத்து முடிவை மாற்றி எழுதுமாறு அவரை நெருக்கினார்கள். மனம் கசந்து அவரே ஒரு மாற்று முடிவை எழுதித் தர நேர்ந்தது.

கண்டீர்களா? மேலைச் செவ்விலக்கியத்தில் நாம் தேடுவது மேலை நாட்டின் வேதத்தை அன்று. மேலை நாட்டின் கலகத்தை! அங்கேயும் வைதீகம் இருந்தது. அங்கேயும் மடம் இருந்தது. அங்கேயும் தாய்மொழியில் மறை ஓதினால் தண்டனை இருந்தது. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் செவியில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்று என்று கௌதம தர்மசூத்திரம் எழுதி வைத்த நாட்டில் பிறந்த நாம், தடை மீறி எழுதியவனின் நூலைத் தடையின்றிப் படிக்கும் உரிமையைப் பெற்ற பிறகும், அதை அயல்சரக்கு என்று ஒதுக்குவோமானால், நமக்கு ஈயம் தேவையில்லை. நாமே விரலால் செவியை அடைத்துக்கொண்டவர்கள் ஆவோம்.

ஆங்கிலத்தில் படித்தால்தான் படிப்பு என்றாரே மூன்றாமவர், அவரைக் கேட்போம்: ஜோலா எழுதியது ஆங்கிலத்திலா? பிரெஞ்சில். டால்ஸ்டாய்? உருசிய மொழியில். இப்சன்? நார்வே நாட்டாரின் மொழியில். ஆங்கிலத்தில் படிக்கும் நீங்களும் மொழிபெயர்ப்பைத்தான் படிக்கிறீர்கள்! இலண்டன் வழியாக வந்த மொழிபெயர்ப்பு உயர்ந்தது, சென்னை வழியாக வந்தது தாழ்ந்தது என்பது எந்த ஊர் நீதி? யூகோவை ‘ஏழை படும் பாடு’ என்று சுத்தானந்த பாரதியார் தந்தார். கார்க்கியின் ‘தாய்’ புதினத்தை ரகுநாதன் தந்தார். ரூசோவின் சமுதாய ஒப்பந்தத்தையும் பிளேட்டோவின் அரசியலையும் வெ. சாமிநாத சர்மா தந்தார். நார்வேயின் கனுட் ஆம்சனை ‘நிலவளம்’ என்று க. நா. சுப்ரமணியம் தந்தார். இவர்களுள் நம் இயக்கத்தை ஏற்காதோர் உண்டு, எதிர்த்தோரும் உண்டு. அதனாலென்ன? தமிழுக்கு ஒருவர் கட்டிய பாலத்தில், கட்டியவரின் கட்சியைக் கேட்டுவிட்டா கால் வைப்பது?

மேற்கோள் பக்தி

நால்வருக்கும் விடை கூறினோம். ஐந்தாமவர் ஒருவர் இருக்கிறார். அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே, “எல்லாம் எனக்குத் தெரியும்” என்று இருப்பவர் அவர். அவர் நாமே!

பொருள் தெரியாமல் மந்திரம் சொல்லுகிறவனைக் கேலி செய்கிறோம். கைப்பேசியில் வந்த ஒரு வரியை, அது எந்த நூலில் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று தெரியாமல், அவர் சொன்னதா என்பதும் தெரியாமல், ஆயிரம் பேருக்கு அனுப்புகிறோமே, அது மந்திரம் இல்லையா? வால்டேர் சொல்லாததை வால்டேர் பெயரால் முழங்குகிறோமே, அது புராணம் இல்லையா? ஒருவன் ஒரு நூலை முழுதும் படித்துவிட்டு, “இவ்விடத்தில் இவர் தவறினார்” என்று சொன்னால், “தலைவரையா குறை கூறினாய்?” என்று பாய்கிறோமே, அது வைதீகம் இல்லையா? கடவுளை மறுத்தவன் மேற்கோளைக் கும்பிட்டால், கோயில் மாறியதே தவிர கும்பிடு மாறவில்லை.

பக்தி இன்றிப் படிப்பது எப்படி என்பதற்கு அந்த ‘நிலவளம்’ ஒன்றே போதும். ஆம்சன் 1917ஆம் ஆண்டு எழுதிய புதினம் அது. 1920ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வந்தது. ஆளில்லாக் காட்டில் தனியொருவனாய்ப் புகுந்து, மண்ணைத் திருத்தி, வீடு கட்டி, விளைவு காணும் ஈசாக்கு என்னும் உழவனின் கதை. நெல் மணக்கும் நம் நாட்டார் படித்தால் நெஞ்சு நெகிழும். அதே ஆம்சன்தான் இட்லரின் பக்கம் நின்றார். தமக்குக் கிடைத்த நோபல் பதக்கத்தை 1943ஆம் ஆண்டு கோயபல்சுக்குப் பரிசாகத் தந்தார்! என்ன செய்வது? நூலை எறிவதா? ஆசிரியரை மன்னிப்பதா? இரண்டும் வேண்டாம். நூலைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்போம். நிலத்தைத் திருத்தியவனே நிலத்துக்கு உரியவன் ஆகிறான் அந்தக் கதையில். நன்னிலத்து வயலைத் தலைமுறையாகத் திருத்தியவன் ஏன் அதற்கு உரியவன் ஆகவில்லை? மண்ணைப் போற்றியவர் மனிதரை அழித்தவனோடு ஏன் சேர்ந்தார்? மண்ணின் பெருமை பேசும் பேச்சுக்குள் அந்த நஞ்சு முன்பே ஒளிந்திருந்ததா? இக்கேள்விகளை எழுப்பிக்கொண்டு படிப்பவன் பகுத்தறிவாளன். “நோபல் பரிசு பெற்றவர், ஆகவே பெரியவர்” என்பவனும், “நாசியின் நண்பர், ஆகவே தொடேன்” என்பவனும் ஒரு நூலையும் படிக்காதவர்கள்.

வால்டேரின் ‘காந்தீது’ 1759ஆம் ஆண்டு வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, புனிதர் அனைவருக்குமான திருநாளில், லிசுபன் நகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. வழிபாட்டில் இருந்தோர் மேலேயே கோயில்கள் இடிந்து விழுந்தன. இன்னொரு நடுக்கம் வராமல் தடுக்க, சில மனிதரை மெல்லத் தீயிலிட்டால் போதும் என்று முடிவு கட்டும் அறிஞர் கூட்டம் ஒன்றை அக்கதையில் காட்டிச் சிரிக்கிறார் வால்டேர். மேட்டூர் அணை வறண்டால் கழுத்தளவு நீரில் நின்று வருண செபம் செய்வோரைப் பார்த்த நமக்கு, அந்தச் சிரிப்பின் பொருள் உரையின்றி விளங்கும். ஆனால் சிரித்து முடித்தவுடன் நூலை மூடாதீர்கள். நமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் படிப்பன்று, பறிப்பு!

எப்படி அமர்வது?

நன்னிலத்து அமர்வுக்கு நாம் வகுத்த முறை எளியது. தலைவர் இல்லை. முன்மொழிவோர், வழிமொழிவோர் இல்லை. வரவேற்புரை இல்லை, பொன்னாடை இல்லை, நன்றியுரை இல்லை. நிழற்படம் எடுப்பார் எவரும் இல்லை. கைப்பேசிகள் வாசலோரத்துப் பெட்டியில் உறங்கும். முதல் இரண்டு மணி நேரம் படிப்பு. அதன்பின் அரை மணி நேரம், விரும்புவோர் தாம் படித்த பக்கத்தைப் பற்றி மட்டும் பேசலாம். படிக்காத பக்கத்தைப் பற்றிப் பேச எவருக்கும் உரிமை இல்லை. இந்த ஒரு விதியை நாடு முழுவதும் கடைப்பிடித்தால், எத்தனை மேடைகள் அமைதியாகிவிடும் என்று எண்ணிப் பாருங்கள்!

நடவும் களையும் அறுவடையும் அறிந்து நேரத்தை மாற்றிக்கொள்வோம். வயலில் இருப்பவன் வர முடியாத நேரத்தில் நடக்கும் படிப்பு, வயலில் இறங்காதவனின் படிப்பாகவே முடியும். பெண்கள் வர வேண்டுமானால், அந்த இரண்டு மணி நேரம் அடுப்பையும் பிள்ளையையும் ஆண் பார்த்துக்கொள்ள வேண்டும். மனைவியைச் சமையலறையில் விட்டு வந்து ‘பொம்மை வீடு’ படிக்கும் தோழரை நோரா மன்னிக்க மாட்டாள். சீர்திருத்தத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வாங்க 1967ஆம் ஆண்டு வரை போராடியது, தாலிக்குப் பதில் மாலை மாற்றிக்கொள்ள மட்டுமா?

விரைந்து படிக்க வராதோர் வெட்கப்பட வேண்டாம். விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படிக்கும் முதியவரின் ஒரு பக்கம், புரட்டித் தள்ளுவோரின் நூறு பக்கத்துக்கு மேல். எழுத்தறியாதோர்க்கு வேறொரு நாளில் உரக்கப் படித்துக் காட்டுவோம். பழைய கடனை மறந்து புதிய பழக்கத்தைப் போற்ற மாட்டோம்.

அமைதிக்குப் பின் எழும் குரல்

முதல் நூலாக நாம் எடுத்துக்கொண்டது எமிலி ஜோலாவின் ‘ஜெர்மினால்’. 1885ஆம் ஆண்டு வெளிவந்த அப்புதினம், கூலி குறைக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளரின் வேலை நிறுத்தத்தையும், பசியையும், துப்பாக்கிச் சூட்டையும் கூறுவது. அதன் தலைவன் எத்தியென். அவனும் நம்மைப் போன்ற இளைஞன். கிடைத்த நூல்களை அரைகுறையாய்ப் படிக்கிறான், செரிக்காமலே பேசுகிறான், கைதட்டல் தலைக்கேற மயங்குகிறான். அவனை நம்பித் திரண்டவர்கள்தாம் குண்டுக்கு இரையாகிறார்கள். ஏழைக்காக உருகிய ஜோலா, ஏழையின் தலைவனை ஏன் இப்படிக் காட்டினார்? நமக்காகத்தான்! அரைப்படிப்பு படித்தவனை மட்டும் அழிப்பதில்லை, அவன் சொல்லை நம்பியவரையும் அழிக்கும் என்று காட்டவே! அறிஞர் அண்ணா ஜோலாவை ‘ஏழை பங்காளர்’ என்று தலைப்பிட்டே தமிழர்க்கு அறிமுகம் செய்தார். அறிமுகம் கேட்டு அகமகிழ்ந்த நாம், அறிமுகமானவர் வீட்டுக்கு ஒரு முறையேனும் போனோமா?

1898ஆம் ஆண்டு, குற்றமற்ற யூதப் படைத்தலைவன் டிரைபசுக்காக, ஆட்சியையும் படையையும் எதிர்த்துத் தனிக்குரல் எழுப்பினார் அதே ஜோலா. தண்டனை பெற்றார், நாட்டை விட்டு நீங்கினார், மீண்டார். 1902ஆம் ஆண்டு அவர் உடலைப் பாரிசு நகரம் அடக்கம் செய்தபோது, சுரங்கத் தொழிலாளர் குழு ஒன்று ஊர்வலத்தில் வந்தது. அவர்கள் புலம்பவில்லை, தோத்திரம் பாடவில்லை. “ஜெர்மினால்! ஜெர்மினால்!” என்று அந்த நூலின் பெயரையே முழங்கிச் சென்றார்கள். நிலத்துக்கு அடியில் நிலக்கரி வெட்டியவர்க்கு, ஒரு நூலின் பெயர் போர் முழக்கமாயிற்று!

அந்த முழக்கத்துக்கு முன்னே, எங்கோ ஒரு விளக்கொளியில், எவனோ ஒரு தொழிலாளி, அந்நூலைப் பிரித்து வைத்துக்கொண்டு அமைதியாய் அமர்ந்திருந்திருப்பான் அல்லவா? அந்த அமைதியில்தான் நன்னிலத்தில் நாம் அமர்கிறோம்.

கூத்தனூருக்குப் பிள்ளையின் ஏட்டோடு செல்லும் தாய், திரும்பும் வழியில் நம் வாசலை எட்டிப் பார்க்கட்டும். பூச்சூட்டாத நூல்கள், புகை காட்டாத நூல்கள், ஆனால் பிரிக்கப்பட்ட நூல்கள், கோடிடப்பட்ட நூல்கள், கை பட்டு மூலை மடிந்த நூல்கள் அங்கே இருப்பதைக் காணட்டும். வண்ணாரின் மகனும் வாத்தியாரின் மகளும் ஒரே வாங்கில் அமர்ந்து படிப்பதைக் காணட்டும். நம் மேடைப் பேச்சு அவளுக்கு உணர்த்தாததை அக்காட்சி உணர்த்தக்கூடும்.

இளைஞர்களே! உங்கள் ஊரிலும் இரண்டு மணி நேரம் உண்டு. ஒரு திண்ணை உண்டு. அலமாரியில் அட்டை கலையாமல் உறங்கும் ஒரு நூல் உண்டு. அதை எழுப்புங்கள். வாய் மூடுவோம், கண் திறப்போம். படித்த பின் வாய் திறப்போம்!